சாதகக் குறிப்பேட்டில் எதை எழுதுவது: ஒரு வயலின் மாணவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய மாணவர் நடுவயதினர். பகலில் வேலை, மாலையில் சாதகம் (இசைப் பயிற்சி) என்று வாழ்க்கையை வகுத்துக்கொண்டவர். வயலின் கற்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்திருந்த கட்டத்தில் அவருடைய வாசிப்பு ஓரிடத்தில் நின்றுபோயிருந்தது. வகுப்புக்கு வரும்போதெல்லாம் அதே நிலைமாற்றத்தில், அதாவது இடது கை தந்தியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும்போது, அதே ஸ்வரம் தாழ்ந்து விழும். திருத்திக் காட்டினால் அங்கேயே சரியாக வாசித்துவிடுவார். அடுத்த வகுப்பில் பழையபடி தாழ்ந்தே விழும். அவருக்கு அக்கறை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தொடங்கிய நாளிலிருந்தே சாதகக் குறிப்பேடு ஒன்றை விடாமல் எழுதி வந்தவர் அவர். அத்தனை ஒழுங்காக எழுதப்பட்ட குறிப்பேடு ஏன் அவருக்கு உதவவில்லை, அதில் எழுதப்படுவது மாறியபோது வாசிப்பில் என்ன மாறியது என்ற இரண்டு கேள்விகளையே இங்கே ஆராய்கிறேன். அவருடைய ஆசிரியர் என்ற முறையில், அவர் ஒப்புதலுடன் பழைய ஏடுகளையும் புதிய ஏடுகளையும் படித்துவிட்டு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உழைத்ததற்குச் சான்றாக மட்டும் எழுதப்படும் குறிப்பேடு மனநிறைவைத் தருகிறது, அதற்கு மேல் எதையும் தருவதில்லை. இன்று கற்றதாக நினைப்பதை நாளைய முதல் வாசிப்பில் சோதித்துப் பார்க்கும் குறிப்பேடுதான் கற்பவரைத் திருத்துகிறது.

பழைய ஏடுகள்

மூன்று ஆண்டுகளின் பக்கங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் இருந்தன. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வாசித்தவற்றின் பட்டியல், கடைசியில் ஒரு சொல் அல்லது ஒரு தொடர். “பரவாயில்லை”, “இன்று கை வரவில்லை”, “சுருதி சேரவில்லை”, “நன்றாக வந்தது” என்ற நான்கு தொடர்களைக் கொண்டே பெரும்பாலான நாட்களின் மதிப்பீடு முடிந்திருந்தது. மாதக் கடைசியில் மொத்த நேரம் கூட்டிப் போடப்பட்டிருந்தது. அந்தக் கூட்டுத்தொகை குறைந்த மாதங்களில் வருத்தமும் கூடிய மாதங்களில் ஊக்கமும் ஓரிரு வரிகளில் பதிவாகியிருந்தன. எந்த மாதத்தின் குறிப்பைப் பார்த்தாலும், அடுத்த மாதம் எதை வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்று அறிய வழியில்லை.

நேரத்தைக் கூட்டும் இந்த வழக்கத்துக்குப் பின்னால், பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் தேர்ச்சி வந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படும் கருத்து இருந்தது. அந்தக் கருத்துக்கு மூலமாகக் காட்டப்படுவது உளவியலாளர்கள் ஆண்டர்ஸ் எரிக்சன், ரால்ஃப் கிராம்பே, கிளெமென்ஸ் டெஷ்-ரோமர் ஆகியோர் 1993-இல் வெளியிட்ட ஆய்வு. பெர்லினில் இசை பயின்ற வயலின் மாணவர்களை, தேர்ச்சியின் அடிப்படையில் மூன்று குழுக்களாக எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வாழ்நாள் பயிற்சியைக் கணக்கிட்ட ஆய்வு அது. மிகச் சிறந்த குழுவினர் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்தைத் தொட்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஒரு குழுவின் சராசரி, ஒருவர் எட்ட வேண்டிய எல்லைக்கோடு என்று ஆய்வாளர்கள் அதை முன்வைக்கவில்லை. அவர்கள் அழுத்திச் சொன்னது, குறைகளைத் தேடி எடுத்து அவற்றைத் திருத்துவதற்கென்றே திட்டமிட்டுச் செய்யும் பயிற்சியைப் பற்றி. அந்த ஆய்வில் பங்கெடுத்த மாணவர்கள் ஒரு வார காலம் நாட்குறிப்பும் எழுதினார்கள் என்பதை இங்கே நினைவுபடுத்தத் தோன்றுகிறது. ஆய்வாளருக்கு அந்த நாட்குறிப்பு நேரத்தைக் கணக்கிட உதவியது. அவருக்கு வேண்டியது அதுதான். கற்பவருக்கு வேண்டியது வேறு.

நேரக் கணக்கைவிட எனக்குக் கவலை தந்தது “சுருதி சேரவில்லை” என்ற தொடர். அது நூற்றுக்கணக்கான பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்தது. வயலினில், வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் கிடையாது. விரல் விழும் இடமே ஸ்வரம். முழு அளவு வயலினில் மேல் விளிம்பிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ. அரை ஸ்வரத்தை 100 செண்ட் என்று பகுத்து அளந்தால், முதல் நிலையின் (கை மேல் விளிம்புக்கு அருகில் இருக்கும் நிலை) தொடக்கத்தில் விரல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் சுமார் 5 செண்ட் விலகும். குதிரையை நோக்கி மேலும் நகர்ந்த மூன்றாம் நிலையின் முதல் விரலில் (ஆள்காட்டி விரலில்) அதே ஒரு மில்லிமீட்டர் சுமார் 7 செண்ட் ஆகிவிடும். தந்தியின் பாதி நீளத்துக்குப் போய்விட்டால் 10 செண்டைத் தாண்டும். மேலே போகப் போக விரல்கள் நெருங்கி விழ வேண்டும் என்பதும், அங்கே பிழைக்கான இடம் சுருங்கிவிடுகிறது என்பதும் இதன் பொருள். இப்படிப்பட்ட கருவியில் எந்தத் தந்தியில், எந்த விரல், எந்த ஸ்வரத்திலிருந்து வரும்போது, மேலே விலகியதா கீழே விலகியதா என்று சொல்லாத குறிப்பு எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும். மேலே விலகுவதற்கும் கீழே விலகுவதற்கும் காரணங்கள் வேறு, மருந்தும் வேறு.

முதல் வாசிப்பு

குறிப்பேட்டில் நான் கேட்டுக்கொண்ட முதல் மாற்றம் மிகச் சிறியது. கருவியை எடுத்துச் சுருதி சேர்த்தவுடன், கையைப் பழக்கிக்கொள்ள எதையும் வாசிக்கும் முன்பே, நேற்று கடைசியாக உழைத்த பகுதியை ஒரே ஒரு முறை வாசிக்க வேண்டும். என்ன நேர்ந்தது என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் வழக்கமான சாதகம். இரவு முடிக்கும்போது, நாளை அந்த முதல் வாசிப்பு எப்படி இருக்கும் என்று தாம் எதிர்பார்ப்பதையும் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும்.

அவர் முதலில் இதை விரும்பவில்லை. கை இளகாத நிலையில் வாசிப்பது நியாயமான அளவுகோல் ஆகாது என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அவர் வகுப்புக்கு வந்து வாசிக்கும்போதும், பிறர் முன் வாசிக்கும்போதும் கேட்கப்படுவது அந்த முதல் வாசிப்புதான். இருபது முறை திரும்ப வாசித்தபின் வருவது, அந்த இருபது முறையின் சூடு ஆறாத வரை மட்டும் நிற்கும்.

முதல் சில வாரங்களின் பக்கங்கள் படிப்பவரைத் திடுக்கிட வைக்கக்கூடியவை. இரவில் மெட்ரோனோமை (தாள வேகத்தைத் தட்டிக்காட்டும் கருவியை) நிமிடத்துக்கு 84 தட்டில் வைத்துத் தடையின்றி வாசித்ததாக எழுதப்பட்ட பகுதி, மறுநாள் 84-இல் உடைந்தது, 76-இல் உடைந்தது, 66-இல்தான் நின்றது. எதிர்பார்ப்பு வரியில் ஒவ்வொரு நாளும் “நாளை 84-இல் வரும்” என்றே இருந்தது. அவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. சாதகத்தின் முடிவில் கை உண்மையாகவே 84-இல் ஓடியது. ஓடியதைப் பார்த்து, கற்றுவிட்டோம் என்று முடிவுகட்டியதுதான் பிழை. டொமினிக் சைமன், ராபர்ட் பியோர்க் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது. விசைகளை ஒரு குறிப்பிட்ட வரிசையிலும் கால அளவிலும் அழுத்தப் பழகியவர்களில், ஒன்றையே தொடர்ந்து திரும்பச் செய்தவர்கள் மறுநாள் தாங்கள் நன்றாகச் செய்வோம் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தது. பலவற்றை மாற்றி மாற்றிச் செய்தவர்கள் பழகும்போது தடுமாறினார்கள். மறுநாள் அவர்களே மேலாகச் செய்தார்கள். பழகும் நேரத்தில் கிடைக்கும் இலகுவான உணர்வு கற்றலுக்கு நம்பத்தகுந்த சாட்சி அன்று.

இந்த மாணவரைப் பொறுத்தவரை, எண்களின் இந்த இடைவெளியைத் தம் கையெழுத்திலேயே பார்த்ததுதான் திருப்பமாக அமைந்தது. நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அந்த அளவுக்கு உறைத்திருக்காது. இரவு எண்ணைத் தம் காலப்பிரமாணமாக (வேகமாக) கருதுவதை அவர் விட்டுவிட்டார். முதல் வாசிப்பில் எது நிற்கிறதோ அதுவே அன்றைய தொடக்கம் என்று ஏற்றுக்கொண்டார். அதன் விளைவாகச் சாதகத்தின் முதல் பகுதி முன்னைவிட மெதுவாக நடந்தது. இரவு எண்ணும் முதல் வாசிப்பின் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கி வர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. நெருங்கியபோது இரவு எண் 84-ஐவிடக் குறைவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எண் வகுப்பிலும் மாறாமல் நின்றது.

ஒரு நிலைமாற்றத்தின் வரலாறு

மூன்று ஆண்டுகளாகத் தீராதிருந்த அந்த ஒரு பிழையைக் குறிப்பேட்டின் வழியாகத் தொடர்ந்து போனது இந்த நிகழ்வின் மையம். ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

பிழை நேர்ந்த இடம் இது. இரண்டாவது மெல்லிய தந்தியில், முதல் நிலையில் முதல் விரல் ஊன்றியிருக்கிறது; அங்கிருந்து கை மூன்றாம் நிலைக்கு நகர்ந்து, அதே முதல் விரலைத் தொட்டு, உடனே மூன்றாம் விரல் விழ வேண்டும். நகர்ந்து சேரும் ஸ்வரம் தாழ்ந்தே விழுந்தது. அவர் அதைக் கேட்டவுடன் விரலை உருட்டிச் சரிசெய்துகொள்வார். அந்தத் திருத்தம் நாளடைவில் வாசிப்பின் பகுதியாகவே ஆகிவிட்டது. அதாவது, தாழ்ந்து விழுந்து மேலே ஏறுவதையே கை மனப்பாடம் செய்துவிட்டது. ராபர்ட் டியூக்கும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் பொருந்துகிறது. தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ என்ற வகை இசைப்படைப்பு ஒன்றிலிருந்து கடினமான சிறு பகுதி ஒன்றைக் கொடுத்து, வேண்டிய நேரம் பழகச் சொல்லி, மறுநாள் பழகாமலேயே வாசிக்கச் செய்தார்கள். மறுநாள் வாசிப்பின் தரம், எவ்வளவு நேரம் பழகினார்கள் என்பதையோ எத்தனை முறை வாசித்தார்கள் என்பதையோ சார்ந்திருக்கவில்லை. பழகும்போது எத்தனை முறை தவறாக வாசித்தார்கள் என்பதையே சார்ந்திருந்தது. முதலிடங்களில் இருந்தவர்களும் பிழை செய்தார்கள். ஆனால் பிழையின் இடத்தை உடனே கண்டு, அங்கே நின்று, வேகத்தைக் குறைத்துத் திருத்தி, அதே பிழை மீண்டும் மீண்டும் நேராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஆகவே, பிழையை விவரிப்பது, காரணத்தை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது என்று குறிப்பேட்டின் வேலையைப் பகுத்துக்கொண்டோம். விவரிப்பதிலேயே இரண்டு வாரங்கள் போயின. அவை வீணான வாரங்கள் என்று நான் நினைக்கவில்லை. “சுருதி சேரவில்லை” என்று எழுதிப் பழகிய கை, “முதல் நிலையிலிருந்து மேலே போகும்போது மூன்றாம் நிலை முதல் விரல் தாழ்ந்து விழுகிறது, கீழே இறங்கும்போது சரியாக இருக்கிறது” என்று எழுதத் தொடங்கியது. அந்த ஒரு வரி, காதில் குறையில்லை என்பதையும் இடம் தெரியாமல் இல்லை என்பதையும் ஒரே வீச்சில் நிறுவிவிட்டது. இடம் தெரியாதவருக்கு இறங்கும்போதும் தவறும்.

அடுத்த வாரத்தின் குறிப்பு இன்னும் கூர்மையானது. ஒரே வில்லில் இரண்டு ஸ்வரங்களையும் சேர்த்து வாசித்தால் பிழை பெரும்பாலும் இல்லை. நிலைமாற்றமும் வில்மாற்றமும் (வில்லின் திசை திரும்புவதும்) ஒரே கணத்தில் நேரும்போது பிழை வருகிறது. இதைக் கண்டது நான் அல்லன்; அவரே. வகுப்பில் எனக்குக் கேட்டதெல்லாம் முழு வாசிப்பு. ஒவ்வொரு நாளும் அந்த இடத்தை வெவ்வேறு வில் அமைப்பில் வாசித்து விளைவை எழுதிவைத்தவர் அவர். வில் திரும்பும் நொடியில் வலது கை அழுத்துகிறது, அந்த அழுத்தத்துக்கு ஈடாக இடது கையின் கட்டைவிரலும் வயலினின் கழுத்துப் பகுதியை இறுக்குகிறது, இறுகிய கட்டைவிரல் பின்தங்க, கை முழுதாக நகராமல் விரல்கள் மட்டும் நீள்கின்றன, ஆகவே ஸ்வரம் தாழ்கிறது என்று அவர் ஊகித்தார். நல்ல ஊகம். வகுப்பில் கட்டைவிரலைக் கவனித்தேன், இறுகத்தான் செய்தது.

அதைச் சோதிக்க, கட்டைவிரல் தந்தியின் திசையில் தானாக வழுக்கிச் செல்லும்படி ஓசையின்றிக் கையை மட்டும் நகர்த்தும் பயிற்சியை நாள்தோறும் தொடக்கத்தில் செய்தார். மறுநாளின் முதல் வாசிப்பில் விளைவு எழுதப்பட்டது. ஒரு வாரத்தில் பிழை குறைந்தது, மறையவில்லை. நேரக் கணக்கை மட்டும் எழுதிய காலமாக இருந்திருந்தால், குறைந்ததையே வெற்றியாகக் கொண்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். எழுதப்பட்ட எதிர்பார்ப்பு “நாளை முழுவதும் சரியாகும்” என்று இருந்ததால், மீதமிருந்த பிழைக்குக் காரணம் தேட வேண்டியதாயிற்று.

அந்தக் காரணம் ஏட்டில் கிடைக்கவில்லை. கைபேசியில் பதிவு செய்த ஒலியில் கிடைத்தது. வாசிக்கும்போது கேட்பதும் பதிவைக் கேட்பதும் ஒன்றல்ல. வாசிப்பவருடைய கவனம் அடுத்து வரும் கடினமான இடத்தில் போய் நின்றுவிடுவதால், அதற்கு முந்தைய ஸ்வரம் அவர் காதில் விழுவதில்லை. பதிவில் அந்த முந்தைய ஸ்வரம் தன் முழு அளவுக்கு நிற்காமல் நறுக்கப்பட்டிருந்தது. நிலைமாற்றத்துக்கு அஞ்சி, அவசரப்பட்டு முன்கூட்டியே புறப்பட்டிருக்கிறார். புறப்படும்போதே வில் திரும்பத் தொடங்கிவிடுகிறது. எல்லாம் ஒரு கணத்தில் குவிந்து கை இறுகுகிறது. கட்டைவிரல் இறுகியது அறிகுறி. முந்தைய ஸ்வரத்தை நறுக்கியது காரணம். அவருடைய முதல் ஊகம் தவறு என்று ஆகவில்லை, பாதி வழியில் நின்றிருந்தது.

அதன் பிறகு குறிப்பேட்டில் இரவு எழுதப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்று: “முந்தைய ஸ்வரம் முழு அளவு நிற்கட்டும், நகரும்போது வில்லின் எடையைக் குறை.” மூன்று வாரங்களுக்குள் முதல் வாசிப்பில் பிழை அரிதாயிற்று. இன்றும் களைப்பான நாட்களில் அது தலைகாட்டுகிறது. அவர் முந்தைய ஸ்வரத்தை நிறுத்தி வாசித்தவுடன் போய்விடுகிறது. மூன்று ஆண்டு நீடித்த பிழை சில மாதங்களில் அடங்கியதற்குச் சாதக நேரம் கூடியது காரணமன்று. அந்த மாதங்களில் வேலைப்பளுவால் அவருடைய நேரம் குறைந்தே இருந்தது.

எழுத்து மிகுந்த காலம்

இந்த வெற்றிக்குப் பின் ஒரு தேக்கமும் வந்தது. ஊகிப்பதன் சுவை பிடித்துப்போய், அவர் ஒவ்வொரு பகுதிக்கும் பத்தி பத்தியாக எழுதத் தொடங்கினார். வில்லை மடியில் வைத்துக்கொண்டு எழுதும் நேரம் வாசிக்கும் நேரத்தை நெருங்கியது. பிறகு எழுதுவதே சுமையாகி, சில வாரங்கள் ஏட்டைத் தொடவில்லை. ஏட்டைத் தொடாத குற்ற உணர்வில் வயலினையும் தொடவில்லை. குறிப்பேடு வைத்துக் கற்கும் பலரிடம் இதே போக்கை நான் பார்த்திருக்கிறேன். எழுதத் தவறிய நாளில் சாதகமும் தவறிப்போகிறது என்றால், குறிப்பேடு எல்லை மீறிவிட்டது என்று பொருள்.

நான்கு வரிகளுக்கு மேல் எழுதக்கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். முதல் வாசிப்பில் நேர்ந்தது, இன்று கவனித்த ஒரு பிழை அதன் திசையுடன், முயன்று பார்த்த ஒன்று, நாளைக்கான கட்டளை. எழுதாத நாள் எழுதாத நாளாகவே விடப்பட வேண்டும். பின்னர் நினைவிலிருந்து நிரப்பக்கூடாது. இரண்டு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பு, நடந்ததைவிட நடந்திருக்க வேண்டியதையே அதிகம் சொல்கிறது.

குறிப்பேட்டுக்கு எட்டாதவை

எல்லாப் பிழைகளையும் எழுதித் தீர்த்துவிட முடியும் என்ற எண்ணத்தை இந்த நிகழ்வு ஆதரிக்கவில்லை. இதே மாணவரின் வில்லோசை நெடுங்காலம் மேலோட்டமாக, தந்தியைப் பற்றாமல் இருந்தது. அதைப் பற்றி அவர் எழுதியவற்றில் “ஓசை மெலிவு” என்பதைத் தாண்டிக் கூர்மை வரவே இல்லை, ஏனெனில் தந்தியைப் பற்றும் ஓசை எப்படி இருக்கும் என்பது அவர் காதுக்குத் தம் கையிலிருந்து இன்னும் கிடைத்திருக்கவில்லை. தெரியாத ஒன்றின் இன்மையைக் குறிப்பேடு கண்டுபிடிக்காது. வகுப்பில் அவருடைய வில்கையைப் பிடித்து எடையை உணரச் செய்த பிறகுதான் அவர் எழுத்தில் “முழங்கை தாழ்ந்தபோது ஓசை திறந்தது” என்பது போன்ற வரிகள் தோன்றின.

வலியைப் பற்றிய குறிப்புகள் தனியாகச் சொல்லத்தக்கவை. இடது தோளில் வலி என்று பழைய ஏட்டில் ஆங்காங்கே எழுதியிருந்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத புகார்களாக அவை கிடந்தன. புதிய முறையில், வலி தோன்றிய நிமிடத்தையும் அப்போது வாசித்ததையும் எழுதியபோது, உயர் நிலைகளில் நீண்ட நேரம் இடைவிடாது வாசித்த நாட்களில் மட்டுமே அது வருகிறது என்பது தெளிவாயிற்று. தோள் தாங்கியின் உயரத்தை மாற்றினோம். உயர் நிலைச் சாதகத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து இடையில் ஓய்வு வைத்தோம். வலி குறைந்தது. குறையாமல் இருந்திருந்தால் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். வாசிப்பவர்கள் வலியைத் தாங்கிக்கொண்டு சாதகத்தைத் தொடர்வதை வைராக்கியமாகக் கருதும் பழக்கம் தீங்கானது. இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆசிரியர் குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்பதும் கேள்வி. நான் பார்ப்பதில்லை, அவர் திறந்து காட்டும் பக்கங்களைத் தவிர. இந்த ஆய்வுக்காக முழுவதையும் படித்தது விதிவிலக்கு. ஆசிரியர் கையொப்பமிடும் ஏடு ஆசிரியரை நிறைவுசெய்யும் ஏடாக மாறிவிடும். பிழைகள் அதில் மெலிந்துகொண்டே போகும். குழந்தைகளின் ஏட்டைப் பெற்றோர் சரிபார்க்கும்போது இது இன்னும் விரைவாக நடக்கிறது. சிறு குழந்தைக்கு ஏடே வேண்டாம் என்பது என் கருத்து. அன்று எந்த இடம் கடினமாக இருந்தது என்று வாய்மொழியாகக் கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேட்டால் போதும்.

வரிசையை மாற்றுதல்

பிழை அடங்கிய பின் குறிப்பேடு வேறொரு வேலைக்கு வந்தது. முதல் வாசிப்புக் குறிப்புகளை மாதம் ஒரு முறை சேர்த்துப் படித்தபோது, நீண்ட நேரம் ஒன்றையே வாசித்த நாட்களுக்கு மறுநாள் முதல் வாசிப்பு மந்தமாகவும், இரண்டு மூன்று பகுதிகளை மாற்றி மாற்றி வாசித்த நாட்களுக்கு மறுநாள் மேலாகவும் இருப்பதை அவர் கவனித்தார். கிறிஸ்டீன் கார்ட்டர், ஜெசிகா கிரான் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கிளாரினெட் கலைஞர்கள் 10 பேர் சில பகுதிகளை 12 நிமிடம் தொடர்ந்தும், வேறு சிலவற்றை 3 நிமிடப் பிரிவுகளாக மாற்றி மாற்றியும் பழகினார்கள். மாற்றிப் பழகியவற்றுக்கே மதிப்பீட்டாளர்களின் ஆதரவு சாய்ந்தது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். என்றாலும் இந்த மாணவரின் ஏடு காட்டிய திசையும் அதுவே. அவர் இப்போது ஒரு பகுதியில் சில நிமிடங்களே நிற்கிறார், பிறகு அகன்றுபோய்த் திரும்பி வருகிறார். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறிய முதல் வாசிப்பு என்பதால், பிழையைக் காணும் வாய்ப்பு ஒரே மாலையில் பல முறை கிடைக்கிறது. புத்தம் புதிய பகுதிக்கு மட்டும் இது பொருந்தவில்லை. கை இன்னும் உருவமே பிடிக்காத நிலையில் மாற்றிக்கொண்டே போனால் எதுவும் படிவதில்லை. அதற்கு முதல் சில நாட்கள் தொடர்ந்து உட்கார வேண்டியிருந்தது என்பதும் அதே ஏட்டில் பதிவாகியிருக்கிறது.

தேர்ந்த கலைஞர்களும் இப்படித்தான் தங்கள் வாசிப்பைக் கூறுகூறாகக் கவனிக்கிறார்கள் என்பதற்கு ஒரு பதிவு உண்டு. பியானோ கலைஞர் கேப்ரியேலா இம்ரே, இசையமைப்பாளர் பாக்கின் இத்தாலியன் கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியைக் கற்ற பத்து மாதங்களையும், அதில் செலவிட்ட 33 மணி நேரத்துக்கும் மேற்பட்ட சாதகத்தையும் ஒளிப்பதிவு செய்து, தாம் எதைக் கவனிக்கிறோம் என்று இடையிடையே சொல்லிக்கொண்டே வாசித்தார். உளவியலாளர் ரோஜர் சாஃபினும் உடன் ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்தார்கள். நினைவு தவறினாலும் மீண்டும் பிடித்துக்கொள்ளத்தக்க இடங்களை, இசையின் கட்டமைப்பைச் சார்ந்து அவர் முன்பே ஏற்படுத்திக்கொள்வது அதிலிருந்து தெரிந்தது. என் மாணவருக்கு அந்த அளவு திறன் இல்லை. ஆனால் பாடத்தின் எந்த இடத்தில் மனம் எதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வது அவராலும் முடிந்தது.

சென்ற மாதம் அவர் புதிய பாடம் ஒன்றை எடுத்தார். வில்லைத் தொடும் முன்பே ஸ்வரக் குறிப்பைப் படித்து, அதில் வரும் நிலைமாற்றங்களையெல்லாம் குறித்து, வில்மாற்றத்தோடு சேர்ந்து வருபவற்றை மட்டும் தனியே பிரித்து, தமக்கு எங்கே தாழ்ந்து விழும் என்று எதிர்பார்ப்பதை எழுதிவைத்தார். ஐந்து இடங்களைக் குறித்திருந்தார். மூன்றில் எதிர்பார்த்த பிழையே வந்தது, இரண்டில் வரவில்லை. யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், தந்தி மாறும்போது, ஸ்வரம் மேலே விலகியது. அது மேலே விலகுவதால் பழைய காரணம் பொருந்தாது என்று அன்றைய நான்கு வரிகளில் ஒன்று சொல்கிறது. அடுத்த வரி, மறுநாள் அந்த இடத்தை ஒரே தந்தியில் வாசித்துப் பார்க்கும்படி கட்டளையிடுகிறது.